தென்காசியிலிருந்து வடகாசி வரை: வாசகர் கேள்விகள், பதில்கள்

போன இதழில் தென்காசிக் கோபுரத்தைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, வடகாசிக் கோயிலின் கதை தெரியாமல் தென்காசியின் கதை முழுசாகப் பிடிபடாது என்று எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள்தான் இந்த முறை எல்லாமே. சிலதில் கோபம் இருக்கிறது, சிலதில் வருத்தம் இருக்கிறது. எதையும் மழுப்பாமல் அப்படியே போட்டிருக்கிறேன்.

அண்ணாச்சி, எறும்பு ஊர்ந்த கதை, காசிக்குச் சுரங்கப்பாதை போன கதை எல்லாம் சின்ன வயசிலேயே கேட்டாச்சு. கதையை விட்டுட்டு, நம்ம கோயிலுக்கும் வடகாசிக்கும் உள்ள நிஜமான தொடர்பைச் சொல்லுங்க.
*வாசகர், தென்காசி*

சரி, எறும்பை விட்டுவிடுவோம். மதுரையில் இருக்க முடியாமல் தெற்கே ஒதுங்கிவந்த பாண்டியர்களில் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் முக்கியமானவன், ஆட்சிக்காலம் 1422 முதல் 1463 வரை. சித்திரா நதிக்கரையில் 1446-இல் கோயில் வேலையைத் தொடங்கினான். ராஜகோபுர வேலை 1457-இல் ஆரம்பித்தது, அவன் காலத்தில் முடியவில்லை, தம்பி குலசேகர பாண்டியன்தான் முடித்துவைத்தான்.

இந்தக் கோயில் எழுந்த காரணமாக வழிவழியாகச் சொல்லப்படும் செய்தியை எத்தனை பேர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறோம்? இறைவன் மன்னன் கனவில் வந்து, வடகாசியில் என் கோயில் பழுதுபட்டுக் கிடக்கிறது, இங்கே தெற்கில் எனக்கு ஒன்று கட்டு என்றானாம். கனவைக் கனவாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஔரங்கசீப் பிறப்பதற்கு நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னாலேயே, இத்தனை தூரத்தில் இருக்கும் தென்பாண்டி நாட்டில், காசிக் கோயில் சிதைந்து கிடக்கிறது என்ற துயரம் ஒரு மன்னனைக் கோயில் கட்ட வைத்ததாக நம் முன்னோர் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1194-இல் கோரி முகமதுவின் படை கன்னோசி மன்னன் ஜெயச்சந்திரனைத் தோற்கடித்துக் காசிக்குள் நுழைந்து கோயில்களைச் சூறையாடியதிலிருந்து, அந்த ஊர் இடிவதும் எழுவதுமாகவே இருந்தது.

பராக்கிரம பாண்டியன் பேரில் ஒரு பாட்டு தென்காசிக் கல்வெட்டில் இருக்கிறது. பிற்காலத்தில் இந்த ஆலயத்துக்கு ஏதாவது கேடு வந்து அதைச் சரிசெய்து காப்பாற்றப்போகிறவர் யாராக இருந்தாலும், உலகமறிய அவர்களை இப்போதே பணிகிறேன் என்கிறான். கோயில் கட்டிய ராஜா, தன் கோயிலும் ஒரு நாள் இடியலாம் என்று யோசித்து, இன்னும் பிறக்காத யாரோ ஒருவரை முன்கூட்டியே கும்பிடுகிறான்! காசிக்கு நேர்ந்ததைக் கேள்விப்பட்டவனுக்குத்தான் இப்படித் தோன்றும் என்பது என் எண்ணம். அவன் பயந்தபடியே ராஜகோபுரம் நெருப்பில் சிதைந்து, தலைமுறைக் கணக்கில் மொட்டைக் கோபுரமாகவே நின்றது, நம் வீட்டுப் பெரியவர்கள் பலரும் அதைப் பார்த்தவர்கள். 1990-இல்தான் ஒன்பது நிலையாகத் திரும்ப எழுந்து கும்பாபிஷேகம் கண்டது.

இன்னொன்று. அதே தென்காசிப் பாண்டியர் வழியில் 16-ஆம் நூற்றாண்டில் வந்த அதிவீரராம பாண்டியன் தமிழில் காசி காண்டம் பாடினான். அவன் அரசாண்ட காலத்தில்தான் வடகாசியில் விசுவநாதருக்குப் பெரிய கோயில் மறுபடி எழும்பிக்கொண்டிருந்தது. அந்தக் கோயில்தான் பிறகு இடிக்கப்பட்டது.

காசியில் கோயிலை இடிச்சாங்க என்பது உண்மையா, இல்லை ஓட்டுக்காகக் கட்டின கதையா? சுத்தி வளைக்காம சொல்லணும்.
*வாசகி, அம்பாசமுத்திரம்*

உண்மை. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

ஔரங்கசீப்பின் ஆட்சியைப் பற்றி முகலாயர் தரப்பிலேயே எழுதப்பட்ட பாரசீக வரலாறு மஆசிர்-ஏ-ஆலம்கீரி. 1669 ஏப்ரலில், தட்டா, முல்தான், குறிப்பாகக் காசி ஆகிய இடங்களின் பாடசாலைகளைப் பற்றி அரசனுக்குத் தகவல் வந்ததையும், கோயில்களையும் பாடசாலைகளையும் இடிக்க உத்தரவு போனதையும் அது சொல்கிறது. அதே வருஷம் செப்டம்பரில், காசி விசுவநாதர் கோயில் அரசு உத்தரவுப்படி இடிக்கப்பட்டுவிட்டது என்று அரசவைக்குச் செய்தி வந்ததும் அதில் இருக்கிறது. எதிரிகள் கட்டிவிட்ட பழி என்று தள்ள இதில் இடமே இல்லை, இது அவர்களே பெருமையாக எழுதிவைத்தது. போதாததற்கு, அந்தக் கோயில் இருந்த இடத்தில் நிற்கும் ஞானவாபி மசூதியின் பின்பக்கச் சுவரைப் பாருங்கள், பழைய கோயிலின் வேலைப்பாடுள்ள சுவர் அப்படியே நிற்கிறது. ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேய அதிகாரி 1830-களில் வெளியிட்ட காசிப் படங்களில், மசூதி நிற்கும் இடத்தில் பழைய விசுவேசுவரர் கோயில் எப்படி இருந்திருக்கும் என்று தரைப்படமே போட்டுக் காட்டியிருக்கிறார்.

அந்த இடிபட்ட கோயிலைக் கட்டியது யார்? நாராயண பட்டர் என்ற பெரிய பண்டிதர், மராட்டிய நாட்டுப் பூர்வீகக் குடும்பம். அவர் முன்னின்று நடத்த, அக்பரின் நிதியமைச்சர் ராஜா தோடர்மாலின் ஆதரவில் 1585 வாக்கில் எழுந்தது அது. அக்பர் காலத்தில், முகலாய அரசின் பெரும் பதவியில் இருந்தவர் ஆதரவில் எழுந்த கோயிலை அக்பரின் கொள்ளுப்பேரன் இடித்தான்.

ஏன் இடித்தான் என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. மதவெறிதான் என்று ஒரு சாரார். காசியின் செல்வாக்குள்ள குடும்பங்கள் கலகக்காரர்களுக்கு உதவினார்கள், 1666-இல் ஆக்ராவிலிருந்து சிவாஜி தப்பியதிலும் சிலர் மேல் சந்தேகம் இருந்தது, அதற்குத் தண்டனை என்று இன்னொரு சாரார். இதே ஔரங்கசீப் 1659-இல், காசியின் பழைய கோயில்களை இடிக்கக்கூடாது, பிராமணர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது, ஆனால் புதுக்கோயில் கட்டவும் கூடாது என்று ஃபர்மான் (அரசாணை) அனுப்பியவன் என்பதும் பதிவில் இருக்கிறது. என்னைக் கேட்டால், காரணம் எதுவாக இருந்தாலும், லட்சக்கணக்கான பேர் கும்பிட்ட இடத்தை ராஜதண்டனைக்கு இலக்காக்கியது பெருங்கொடுமை. அரசியல் காரணம் என்று சொல்லிவிட்டால் கொடுமை குறைந்துவிடாது.

அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் அங்கே பெரிய கோயில் இல்லை. மராட்டியர் கை ஓங்கியபோது மல்ஹர் ராவ் ஹோல்கர் மசூதியை அகற்றிவிட்டு அதே இடத்தில் கட்டலாம் என்று யோசித்தார், நடக்கவில்லை. அவருடைய மருமகள் அகல்யாபாய் வேறு வழி எடுத்தார். மசூதியைத் தொடாமல், அதை ஒட்டிய இடத்தில் 1780 வாக்கில் இப்போது நாம் கும்பிடும் கோயிலைக் கட்டி முடித்தார். கணவரையும் மாமனாரையும் பெற்ற மகனையும் பறிகொடுத்து நின்ற அந்த அம்மாள், மகேஸ்வரத்தில் இருந்துகொண்டு காசி, கயை, சோமநாதம் என்று தேசம் முழுக்கக் கோயிலும் படித்துறையும் கட்டினார். விமானத்துக்குப் பொன் தந்தவர் பஞ்சாபின் ரஞ்சித் சிங். ஞானவாபிக் கிணற்றைச் சுற்றியுள்ள தூண் மண்டபம் குவாலியர் ராணி பைஜாபாய் 1828-இல் கட்டியது.

அண்ணாச்சி, நாங்க தலைமுறை தலைமுறையா இந்த ஊர்க்காரங்க. தாமிரவருணித் தண்ணி குடிச்சு வளந்தவங்க. காசியில எந்த ராஜாவோ செஞ்சதுக்கு இங்க டீக்கடையில என்னைப் பாத்துக் கேக்காங்க. நான் என்ன பதில் சொல்ல?
*வாசகர், மேலப்பாளையம்*

தம்பி, நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வியே இல்லை அது. கேட்கிறவர்தான் தலைகுனிய வேண்டும்.

ஔரங்கசீப் உங்களுக்குத் தாத்தாவும் இல்லை, உங்களிடம் கேட்டுவிட்டு உத்தரவு போடவும் இல்லை. மேலப்பாளையத்தில் தறி நெய்து பிழைத்த முஸ்லிம் குடும்பங்களுக்கும் டெல்லி தர்பாருக்கும் என்ன சம்பந்தம்? காசியிலேயே பாருங்கள், பட்டுச்சேலை நெய்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், அந்தச் சேலை கட்டித்தான் எத்தனையோ வீட்டில் கல்யாணம் நடக்கிறது.

உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படக் கூடாது. அந்த டீக்கடைப் பேச்சில் எரிச்சலாகி, அங்கே கோயிலே இடிக்கப்படவில்லை என்று வாதாடிவிடாதீர்கள். இடிக்கப்பட்டது. அதை ஒத்துக்கொள்வதால் உங்கள் மார்க்கத்துக்கு ஒரு குறையும் வராது. நடந்ததை இல்லை என்று சொல்லும்போதுதான் எதிரே இருப்பவனுக்குச் சந்தேகம் வலுக்கிறது. "ஆமா, அந்த ராஜா செஞ்சான், தப்பு, அதுக்கும் எனக்கும் என்ன?" என்று நேராகக் கேளுங்கள். அதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது.

பொட்டல்புதூர் பள்ளிவாசலும் கல்தூண், மண்டபம்னு கோயில் மாதிரிதான் இருக்கு. அப்போ அதுவும் இடிச்சுக் கட்டினதா?
*வாசகர், கடையம்*

இல்லவே இல்லை. இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டது நல்லது, ஏனென்றால் இதே கேள்வி கைபேசிகளில் படத்தோடு சுற்றிக்கொண்டிருக்கிறது.

பொட்டல்புதூர் முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசல் பள்ளிவாசலாகவே கட்டப்பட்டது. 17-ஆம் நூற்றாண்டில் தென்பாண்டிச் சீமையில் கல்லில் ஒரு நல்ல கட்டடம் வேண்டும் என்றால் ஸ்தபதியிடம்தான் போக வேண்டும், அவர் தனக்குத் தெரிந்த முறையில்தான் தூணும் போதிகையும் செதுக்குவார். காயல்பட்டினம், கீழக்கரைப் பழைய பள்ளிவாசல்களும் இதே பாணிதான். பொட்டல்புதூர்க் கந்தூரிக்கு இந்துக்களும் நேர்ச்சையோடு போகிறார்கள், ஆண்டாண்டு காலமாக நடப்பது. கடையத்துக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு கட்டடத்தின் சாயலை மட்டும் பார்த்து அது எதை இடித்துக் கட்டியது என்று தீர்ப்பு எழுதக்கூடாது. காசியில் நாம் இடிப்பை நம்புவது சாயலைப் பார்த்து இல்லை. எழுதிவைத்த பதிவு இருக்கிறது, நிற்கும் சுவர் இருக்கிறது, தொடர்ந்த நினைவும் இருக்கிறது. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன.

கட்ச் தேசத்து ராணிக்குக் காசிக் கோயில் நிலவறையில் அவமானம் நேர்ந்ததாகவும், அதனால்தான் ஔரங்கசீப் இடித்தான் என்றும் வாட்ஸ்அப்பில் வருகிறதே?
*வாசகர், வள்ளியூர்*

ஆதாரம் இல்லாத கதை. காங்கிரஸ் தலைவர் பட்டாபி சீதாராமையா சிறையில் இருந்தபோது எழுதிய குறிப்புகளில் இது வருகிறது. லக்னோவில் யாரோ ஒருவரிடம் இருந்த ஏட்டில் இப்படி இருந்ததாகக் கேள்வி என்கிற அளவில்தான் அவரும் சொல்கிறார். அந்த ஏட்டை அதற்குப் பிறகு யாரும் கொண்டுவந்து காட்டவில்லை. அந்தக் காலத்துப் பதிவு எதிலும் இது கிடையாது. அனுப்பியவருக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

அண்ணாச்சி, சட்டப்படி இப்போது நிலைமை என்ன? சட்டக் கல்லூரியில் நாங்களே இரண்டு கட்சியாகச் சண்டை போடுகிறோம். உங்கள் கருத்தையும் சொல்லுங்கள்.
*மாணவி, பாளையங்கோட்டை*

முதலில் ஒன்று, இது இப்போது முளைத்த வழக்கு இல்லை. 1936-இல் தீன் முகமது என்பவரும் இன்னும் சிலரும், மசூதியைச் சுற்றியுள்ள வளாகம் முழுவதும் வக்ஃபு (இஸ்லாமிய அறக்கொடைச் சொத்து) என்று அறிவிக்கக் கேட்டுக் காசி நீதிமன்றத்துக்குப் போனார்கள். மசூதியில் தொழும் உரிமை உண்டு, ஆனால் வளாகம் முழுவதும் வக்ஃபு என்பதை ஏற்க முடியாது என்று 1937-இல் தீர்ப்பானது. அலகாபாத் உயர்நீதிமன்றம் 1942-இல் அதை உறுதிசெய்தது.

அடுத்து, 1991-இல் வந்த வழிபாட்டுத் தலங்கள் சட்டம். 1947 ஆகஸ்ட் 15 அன்று ஒரு தலம் என்னவாக இருந்ததோ அதன் சமயத்தன்மை அப்படியே தொடர வேண்டும் என்பது அதன் சாரம். அயோத்திக்கு மட்டும் பெயர் சொல்லி விலக்கு. 2019 நவம்பரில் அயோத்தித் தீர்ப்பு சொன்ன உச்சநீதிமன்றம் இந்தச் சட்டத்தை உயர்த்தியே பேசியது. ஆனாலும், 2021-இல் ஐந்து பெண்கள் மசூதி வளாகத்தின் வெளிச்சுவரில் உள்ள சிருங்கார கௌரியைத் தினமும் கும்பிட உரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். வழிபாட்டு உரிமைதான் கேட்கிறார்கள், அதனால் 1991 சட்டம் குறுக்கே வராது என்று 2022 செப்டம்பரில் மாவட்ட நீதிமன்றம் வழக்கை ஏற்றது. 2023-இல் தொல்லியல் துறை ஆய்வு. 2024 ஜனவரியில் வெளிவந்த அறிக்கை, இப்போதைய கட்டடத்துக்கு முன்னால் அங்கே ஒரு பெரிய இந்துக் கோயில் இருந்தது என்றது, மசூதித் தரப்பு அதை ஏற்கவில்லை. அதே மாதக் கடைசியில் தெற்கு நிலவறையில் பூஜை நடத்த மாவட்ட நீதிமன்றம் அனுமதித்தது. 2024 டிசம்பர் 12 அன்று உச்சநீதிமன்றம், 1991 சட்டத்தின் செல்லுபடி பற்றிய வழக்கு முடியும்வரை நாடு முழுக்க இப்படிப்பட்ட புது வழக்குகளைப் பதிவுசெய்யக்கூடாது, நடக்கும் வழக்குகளிலும் ஆய்வுக்கோ வேறு முக்கிய உத்தரவுக்கோ போகக்கூடாது என்று நிறுத்திவைத்தது.

அந்த அறிக்கையில் ஒரு செய்தி நமக்கு நெருக்கமானது. அங்கே பதிவுசெய்த 34 கல்வெட்டுகளில் தேவநாகரி, தெலுங்கு, கன்னட எழுத்தோடு கிரந்த எழுத்தும் இருக்கிறது. நம் பக்கத்து ஜனங்களுக்கும் அந்தக் கோயிலோடு தொடர்பு இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் கருத்தைக் கேட்டாய் அல்லவா? சொல்கிறேன், உன் சண்டையில் எந்தக் கட்சி என்று வைத்துக்கொண்டாலும் சரி. 1669-இல் நடந்தது பாடப்புத்தகத்தில் பூசி மெழுகாமல் இருக்க வேண்டும். 1991 சட்டமும் இருக்க வேண்டும். இரண்டும் முரண் இல்லை. அந்தச் சட்டம் சரித்திரத்தை மறக்கச் சொல்லவில்லை, சுதந்திரம் வாங்கிய நாளில் நின்ற இடத்திலிருந்து சேர்ந்து வாழச் சொல்கிறது. அதை எடுத்துவிட்டால் எந்த ஊரில் எதைத் தோண்டுவது என்பதற்கு எல்லையே கிடையாது. நம் கழுகுமலையை எடுத்துக்கொள், ஒரே மலையில் 8-ஆம் நூற்றாண்டில் குடைந்து பாதியில் நின்ற வெட்டுவான் கோயில், வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள், அடிவாரத்தில் முருகன். யார் முதலில், யாருக்கு எவ்வளவு என்று அங்கே கணக்குத் தீர்க்க உட்கார்ந்தால் மிஞ்சுவது என்ன? காசியில் ஏதாவது மாற வேண்டும் என்றால், இரு தரப்பும் உட்கார்ந்து பேசி மனசொத்து மாறட்டும், அதை நான் சந்தோஷமாக வரவேற்பேன். அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்ட 1992 டிசம்பர் 6 போல இன்னொரு நாள் இந்த நாட்டுக்கு வேண்டாம்.

எங்கள் ஊர்க் குமரகுருபரர் காசியில் இருந்த காலமும் இந்த இடிப்பு நடந்த காலமும் ஒன்றா?
*வாசகர், ஸ்ரீவைகுண்டம்*

மடத்து மரபுக் கணக்குப்படி பார்த்தால் ஆமாம். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து, ஐந்து வயதுவரை பேசாதிருந்து திருச்செந்தூர் முருகன் அருளால் பேசினவர் என்று நாம் கொண்டாடும் அந்த மகான், காசிக்குப் போய், இந்துஸ்தானி பேசக் கலைமகளை வேண்டிச் சகலகலாவல்லி மாலை பாடி, தாரா ஷிகோவைச் சந்தித்து மடத்துக்கு இடம் பெற்றார் என்பது வழக்கு. தாரா ஔரங்கசீப்பின் அண்ணன். காசிப் பண்டிதர்களை வைத்துக்கொண்டு உபநிடதங்களைப் பாரசீகத்தில் கொண்டுவந்தவன், 1657-இல் அந்த வேலை முடிந்தது. இரண்டு வருஷத்தில் தம்பி கையால் மாண்டான். அந்த அண்ணன் அரியணை ஏறியிருந்தால் காசியின் கதையே வேறு மாதிரி போயிருக்கும் என்று நினைத்து நான் ஏங்காத நாள் இல்லை.

குமரகுருபரர் நிறுவிய குமாரசாமி மடம் கேதார் கட்டத்தில் இன்றும் இருக்கிறது, கேதாரேசுவரர் கோயிலும் அவர் பேரால்தான் நினைக்கப்படுகிறது. திருப்பனந்தாள் காசிமடம் அதன் வழி வந்தது.

அம்மாவைக் காசிக்குக் கூட்டிப்போகிறேன். "இப்ப இருக்கிறது பழைய லிங்கம் இல்லியாமே, கும்பிட்டா பலன் உண்டா"ன்னு யாரோ சொன்னதைக் கேட்டு அம்மா கலங்கிப்போய் இருக்காங்க. என்ன சொல்லித் தேத்த?
*வாசகி, சங்கரன்கோவில்*

தாயி, இந்தக் கலக்கத்துக்குக் காசியிலேயே பதில் சொல்லியாகிவிட்டது, அதுவும் அந்தப் பெரிய கோயிலை எழுப்பிய நாராயண பட்டரே சொன்னது. பிரயாகை, காசி, கயை மூன்றுக்கும் யாத்திரை முறை சொல்லும் திரிஸ்தலீசேது என்ற நூலில் எழுதிவைத்திருக்கிறார். காலத்தின் கோலத்தால் விசுவேசுவர லிங்கம் அகற்றப்பட்டு மனிதர்கள் வேறொன்றை வைத்திருந்தாலும், அந்த இடத்தில் எந்த லிங்கம் இருக்கிறதோ அதைக் கும்பிட வேண்டும். ஆட்சியாளர் கொடுமையால் லிங்கமே இல்லாமல் போனாலும் அந்த இடத்தை வலம்வந்து வணங்க வேண்டும். அவர் கண்முன்னால் கோயில் இல்லாத காசியும் இருந்தது, கோயில் எழுந்த காசியும் இருந்தது. அம்மாவிடம் இதை அப்படியே படித்துக்காட்டுங்கள்.

போகும்போது சில விஷயம். ராமேஸ்வரத்தில் மணல் எடுத்துக்கொண்டு போய்ப் பிரயாகையில் கரைத்து, கங்கைத் தீர்த்தம் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வது முறை, அம்மாவுக்கு உடம்பு தாங்கினால் செய்யுங்கள். 2021 டிசம்பரில் திறந்த புது வளாகத்தால் கங்கைப் படியிலிருந்து கோயிலுக்கு நேராக அகலமான வழி இருக்கிறது, பழைய சந்துகளில் திண்டாட வேண்டாம். கைபேசி உள்ளே கொண்டுபோக விட மாட்டார்கள். உள்ளே பெரிய நந்தி ஒன்று சன்னதிக்கு முதுகைக் காட்டி மசூதிப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும், அதன் பின்னணி இப்போது உங்களுக்குத் தெரியும், அம்மா கேட்டால் சொல்லுங்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதருக்குத் தினமும் பூஜைச் சாமான் "சம்போ, சம்போ" என்று சொல்லிக்கொண்டு எடுத்துப்போவார்கள், நேரம் விசாரித்துக்கொண்டு கூடவே நடந்து போங்கள். அனுமன் கட்டத்துப் பக்கம் போனால் எட்டயபுரத்துப் பிள்ளை பாரதி 1898 முதல் 1902 வரை அத்தை வீட்டில் தங்கிப் படித்த தெருவையும் பார்த்துவிட்டு வரலாம்.